ஒரு ஸ்டூலும் அனைத்துப் பொருள் அகராதியும்

நாற்காலி என்பது நாற்காலிதான் என்ற பேருண்மையை மனித குலம் வெகுகாலமாகச் சும்மாவே நம்பிக்கொண்டு வந்தது. அதை முறைப்படி ஆராய்ந்து, கமிட்டி போட்டு நிரூபித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாருக்கும் இமெயில் அனுப்பிய பெருமை ஒரகடத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையையே சேரும். இமெயில் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்காக நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஒட்டியவன் நான். ஆகவே இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு உண்டு.

என் பெயர் கோதண்டராமன். சொந்த ஊர் வடக்குப்பட்டு. ஹவுஸ்கீப்பிங் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. பெருக்குவது, துடைப்பது, ஒட்டச் சொன்னதை ஒட்டுவது. எங்கள் கம்பெனி காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி, கிளிப் மாட்டி, பெரிய கார் கம்பெனிகளுக்கு அனுப்புகிறது. ஊரெல்லாம் கரன்ட் போய்ப்போய் வந்துகொண்டிருந்த காலத்தில்கூட எங்களுக்குள் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஜெனரேட்டர் ஒருபுறம், மேனேஜ்மென்ட் ஒருபுறம்.

குறை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கிளிப்பை ஸ்டோரில் ‘கிளிப்’ என்றார்கள். லைனில் வேலை செய்யும் பிள்ளைகள் ‘நண்டு’ என்றார்கள். பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் அதற்கு ‘ஃபாஸ்டனர்’ என்று பெயர். லைனில் நண்டு தீர்ந்துபோனால் ஸ்டோரில் கேட்பார்கள். ஸ்டோரில், கடலோரம் போய்க் கேளுங்கள் என்பார்கள். பர்ச்சேஸில், ஃபாஸ்டனர் மலை மாதிரி வாங்கி வைத்திருக்கிறோமே என்பார்கள். மூன்று டிபார்ட்மென்டும் ஒரே சாமானுக்காகத்தான் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறது என்பது தெரியவந்த அன்று எங்கள் எம்.டி. கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த மாநாட்டுக்குப் போய், ஞானத்தோடு திரும்பி வந்தார்.

இனிமேல் வரப்போகும் இன்டர்நெட்டுக்கு அர்த்தம் புரியுமாம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வகுப்பு பிரித்து, அதது என்ன செய்யும், எதோடு சேரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரு கம்ப்யூட்டரும் இன்னொரு கம்ப்யூட்டரும் மனிதனைக் கேட்காமலே பேசிப் புரிந்துகொள்ளுமாம். இதில் எம்.டி.க்கு மிகவும் பிடித்துப்போன இடம், ‘மனிதனைக் கேட்காமலே’ என்பது. அப்படிப் பிறந்ததுதான் ‘அனைத்துப் பொருள் அகராதி’.

அகராதி எழுத பிரவீன் என்ற தம்பி சென்னையிலிருந்து வந்தது. தங்கமான பிள்ளை. லேப்டாப்பை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரியும். முதல் நாள் எங்களை எல்லாம் டிரெய்னிங் ஹாலில் நிற்க வைத்துப் பேசியது.

“அண்ணா, அக்கா, ரொம்ப சிம்பிள். உலகத்துல இருக்கிற எல்லாமே ஒரு பொருள். ஒவ்வொரு பொருளும் ஏதாவது ஒரு வகுப்புல சேரும். ஒவ்வொரு வகுப்புக்கும் சில பண்புகள் இருக்கும். அதை நாங்க பிராப்பர்ட்டின்னு சொல்லுவோம்.”

“பிராப்பர்ட்டி எங்கிட்ட கூட இருந்திச்சுப்பா,” என்றேன். “இப்ப நீ நின்னுகினு கீறியே, அந்த எடந்தான்.”

பிரவீன் மரியாதையாக லேப்டாப்பில் குறித்துக்கொண்டது. பிறகு எட்டிப் பார்த்தேன். ‘கோதண்டராமன்: நிலம் - பழைய பண்பு, இப்போது பொருந்தாது’ என்று இருந்தது. இவ்வளவு துல்லியமாக எந்தத் தாசில்தாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

அடுத்து ஸ்டிக்கர் ஒட்டும் பணி தொடங்கியது. ‘மேசை. மேல் வகுப்பு: மரச்சாமான். அதற்கு மேல் வகுப்பு: பொருள்.’ மின்விசிறி, துடைப்பம், தண்ணீர் டிரம், தீயணைப்பு வாளி என்று கண்ணில் பட்டதில் எல்லாம் ஒட்டினேன். பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து வேலை நின்றது. நாற்காலி எல்லாம் மரச்சாமான் என்று அகராதி சொல்கிறது. இதுவோ பிளாஸ்டிக். பொறுப்பான அதிகாரிகள் கூடினார்கள். அரை நாள் விவாதம் நடந்தது. இரண்டு பேர் குரலை உயர்த்தினார்கள். ஒருவர் வெளிநடப்புச் செய்து, டீ வந்ததும் திரும்பினார். கடைசியில் ‘மரத்தன்மை இல்லாத மரச்சாமான்’ என்று புதிய வகுப்பு ஒன்று ஏகமனதாக உண்டாக்கப்பட்டது. அன்று நான் ஒட்டிய ஸ்டிக்கர் இன்றைக்கும் அந்த நாற்காலியின் முதுகில் இருக்கிறது.

பொருள்கள் முடிந்ததும் பண்புகள். பிரவீன் லேப்டாப்போடு தொழிற்சாலை முழுக்கச் சுற்றியது. யார் எங்கே போகிறார்கள், யார் எதைத் தொடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது. கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் கம்பெனி ஊழியர்கள். எழுதிக்கொண்டது. காண்ட்ராக்ட் ஆட்களாகிய நாங்கள் கொண்டுவந்த டப்பாவை சைக்கிள் ஷெட்டில் வைத்துச் சாப்பிடுவோம். அது அகராதிக்குத் தேவைப்படவில்லை. வெண்டர் என்பவர் சப்ளை செய்வார். அவர் சப்ளை செய்வது எதுவோ அது சரக்கு. எழுதிக்கொண்டது. தொழிற்சாலைக்குள் உட்கார்ந்திருப்பவர் யார்? எவ்வளவு தேடியும் அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்திருக்கக் காணோம். ஆகவே, உட்கார்கிறவர் எவரோ அவர் அதிகாரி. அதையும் எழுதிக்கொண்டது.

இங்கேதான் பேச்சி வருகிறாள்.

பேச்சி தென்காசிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் மூன்று பெண்களோடு சேர்ந்து ஒரு ரூம். புருஷன் திருப்பூரில். அவளும் காண்ட்ராக்ட்தான். லைனில் கிளிப் மாட்டுகிற வேலை, அதாவது அவள் பாஷையில் நண்டு மாட்டுகிற வேலை. வயிற்றில் பிள்ளை. ஷிஃப்ட் முழுக்க நின்று நின்று கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கிப் போயிருந்தன. லைனில் நின்றுகொண்டே வேலை செய்தால் உற்பத்தி பெருகும் என்று ஜப்பானிலோ எங்கோ கண்டுபிடித்திருக்கிறார்களாம். கண்டுபிடித்தவர் உட்கார்ந்து கண்டுபிடித்தாரா என்று எனக்குத் தெரியாது.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு ஸ்டூலு கேட்டுத் தாங்களேன்,” என்றாள் என்னிடம். “உக்காந்துக்கிட்டே நண்டு மாட்டிக்கிடுதேன். கை சும்மாவா இருக்கப் போவுது?”

“ஸ்டூலுதானே? வா, மேடத்தாண்ட கேப்போம்.”

எச்.ஆர். மேடம் சுபஸ்ரீ இரக்க சுபாவம் உள்ளவர். பேச்சியின் காலைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினார்.

“முன்னாடின்னா ஒரு ஸ்டூல் குடுத்திருப்பேன் பேச்சி. இப்ப எல்லாம் அகராதிப்படிதான். பிரவீன், இவங்க உட்காரணுமாம். செக் பண்ணுங்க.”

பிரவீன், ‘பேச்சி ஸ்டூலில் உட்கார்கிறாள்’ என்று அடித்து, ஒரு பட்டனைத் தட்டியது. உள்ளே ஓர் இயந்திரம் இருக்கிறது. நாம் சொன்னதை வைத்துக்கொண்டு, நாம் சொல்லாததையும் அதுவே யோசித்துச் சொல்லிவிடும். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுச் சொன்னது: ‘பேச்சி ஓர் அதிகாரி.’

மேடத்துக்கு வேர்த்துவிட்டது.

“என்ன பிரவீன் இது?”

“லாஜிக் மேடம். உட்கார்ந்தா அதிகாரி. இவங்க உட்கார்ந்துட்டாங்க. கார் பார்க்கிங்கூட ஒதுக்கிடுச்சு பாருங்க.”

“அழிங்க! அழிங்க முதல்ல! எம்.டி. பார்த்துடப் போறாரு!”

அழித்தார்கள். பேச்சி அதிகாரியாக இருந்தது, ஒருவர் தும்மி முடிக்கும் நேரம் இருக்கும். அந்த நேரத்திலும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“ஒரு ஸ்டூலுக்கு இம்புட்டுப் பாடா?” என்று கேட்டாள் வெளியே வந்ததும்.

“ஸ்டூலு பெருசு இல்லம்மா. நீ அதுல குந்தறதுதான் பெருசு.”

இயந்திரத்தை முழுசாக ஓட விடும் நாள் வந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து, விபூதியைக் கொண்டுவந்து சர்வர் பெட்டிக்குப் பட்டையாகப் பூசினார்கள். எம்.டி. பட்டனைத் தட்டினார். இயந்திரம் தொழிற்சாலையில் உள்ள அத்தனையையும் யோசித்துப் பார்த்துத் தீர்ப்பு சொன்னது.

முதல் தீர்ப்பு, எங்கள் கேன்டீன் வாசலில் கிடக்கும் நாயைப் பற்றியது. எல்லா ஷிஃப்டிலும் இருக்கும் என்பதால் அதற்கு ‘ஓவர்டைம்’ என்று பெயர் வைத்திருந்தோம். கேன்டீன் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் அது தொடாது. கேன்டீனில் சாப்பிடுபவர் ஊழியர். ஆகவே ஓவர்டைம் கம்பெனியின் நிரந்தர ஊழியர். ஒன்பது வருஷமாக நான் முருகனிடம் கேட்டுக்கொண்டிருக்கும் வரத்தை அது சாம்பார் சாதத்திலேயே சாதித்துவிட்டது. அடையாள அட்டை கழுத்தில் மாட்டப்பட்டது. சேஃப்டி ஷூ வழங்கும் நேரத்தில் மட்டும் சின்ன சிக்கல் எழுந்து, இரண்டு ஜோடியாகக் கொடுக்க மேலிடத்தில் சிறப்பு அனுமதி வாங்கினார்கள்.

இரண்டாவது தீர்ப்பு எங்களைப் பற்றியது. எங்களைக் கம்பெனிக்கு சப்ளை செய்வது லேபர் காண்ட்ராக்டர். அவர் ஒரு வெண்டர். வெண்டர் சப்ளை செய்வது சரக்கு. ஆகவே நாங்கள் சரக்கு.

“தம்பி, இது சரியாப்பா?” என்று கேட்டேன்.

“மெஷின் தப்பு பண்ணாதுண்ணா,” என்றது பிரவீன் வருத்தத்தோடு. “நாம என்ன சொன்னோமோ அதைத்தான் அது சொல்லுது.”

மேனேஜ்மென்ட் கூடி யோசித்தது. சரக்குக்கு லீவு கிடையாது. சரக்குக்குச் சங்கம் கிடையாது. சரக்கு கேள்வி கேட்காது. இயந்திரத்தின் கூர்மையைப் பார்த்து எல்லாரும் மெய்சிலிர்த்துப் போனார்கள்.

சரக்கும் ஊழியரும் ஒருக்காலும் ஒன்றாக முடியாது என்று அகராதியில் இருந்தது. எனவே மறுநாளிலிருந்து ஊழியர் வாசல் எங்களுக்கு இல்லை. லாரி வரும் வாசல் வழியாக வந்தோம். எடைமேடையில் ஏறி நின்றோம். செக்யூரிட்டிக்காரர் கடமையில் கண்ணானவர்.

“டப்பாவோடவா, டப்பா இல்லாமலா?”

“ஏன்யா?”

“பேக்கிங் எடைய கழிக்கணும்ல?”

அடுத்தது தரப் பரிசோதனை. கீறல் இருக்கிறதா, வளைவு இருக்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘லேசான தேய்மானம். ஏற்றுக்கொள்ளலாம்’ என்று சட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் மேலேயே ஸ்டிக்கர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை யாரும் இவ்வளவு அக்கறையாகத் தொட்டுப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரக்கு எல்லாம் கடைசியாக வந்து சேரும் இடம் ஸ்டோர். அங்கே இன்சார்ஜ் தணிகாசலம். சுங்குவார்சத்திரத்துக்காரர். ரூல் என்று எழுதியிருந்தால் சுவரில்கூட முட்டிக்கொள்ளும் மனிதர். ஒவ்வொருவரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பேச்சி முறை வந்ததும் அவர் விரல் நின்றது. திரையில் ஒரு கேள்வி. ‘உள்ளே வேறு பார்ட் உள்ளதா?’

தணிகாசலம் பேச்சியைப் பார்த்தார். பேச்சியின் வயிற்றைப் பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார்.

“இன்னா கோதண்டம், இதுக்கு இன்னா போடறது?”

“உள்ளத போடுபா.”

‘உள்ளது’ என்று போட்டார். இயந்திரம் யோசித்தது. ஒரு பார்ட்டுக்குள் இன்னொரு பார்ட் இருந்தால் அது வெறும் பார்ட் அல்ல, அசெம்பிளி. அசெம்பிளியை எப்படிக் கையாள வேண்டும் என்று திரையில் விளக்கமாக வந்தது. தணிகாசலம் எழுந்து நின்று, தேசிய கீதத்துக்கு நிற்பது போல நின்று, அதை வாசித்தார்.

“நிற்க வைக்கக் கூடாது. குலுக்கக் கூடாது. மேலே எதையும் அடுக்கக் கூடாது. ஃபோம் போட்ட பேலட் மீது, ஏசி ஸ்டோரில் வைக்கவும்.” வாசித்து முடித்துவிட்டுப் பேச்சியிடம் சொன்னார்: “யம்மா, இப்டி வா. வெக்கணும்.”

“என்னத்த வைக்கணும்?”

“உன்னத்தான்.”

பேலட் என்பது பெட்டிகளை அடுக்கி வைக்கும் மரப்பலகை. அதன் மேல் மெத்து மெத்தென்று ஃபோம் விரித்து, பேச்சியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வைத்தார் தணிகாசலம். பேச்சி காலை நீட்டினாள். கண்ணை மூடினாள். சுங்குவார்சத்திரத்து ரூமில் ராத்திரியெல்லாம் கரன்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு கிடந்தவள் மேல் ஏசிக் காற்று பட்டது. அவள் விட்ட பெருமூச்சில் பக்கத்து அட்டைப்பெட்டி மூடி அசைந்தது.

லைன் சூபர்வைசர் ஓடி வந்தார்.

“தணிகாசலம், அங்க ஆள் குறையுது. இவள லைனுக்கு அனுப்பு.”

“அனுப்பறேன் சார். அசெம்பிளிய நிக்க வெச்சி டேமேஜ் ஆச்சின்னா பொறுப்பு என்னுதுன்னு ஒரு கையெழுத்து போடு.”

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் சூபர்வைசர் வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பினார். அரை மணி கழித்து ஒயர்களும் நண்டுகளும் ஒரு தொட்டியில் பேச்சியைத் தேடி வந்தன. அவள் இருந்த இடத்திலேயே மாட்டிக் கொடுத்தாள். நின்றுகொண்டு செய்ததைவிட அதிகமாகவே செய்தாள் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அதை அளக்க அகராதியில் பண்பு இல்லாததால் யாரும் கவலைப்படவில்லை.

செய்தி கேட்டு சுபஸ்ரீ மேடம் பதறிக்கொண்டு வந்தார்.

“யாரு இவங்கள உட்கார வெச்சது? பிரவீன், அதிகாரி ஆயிட்டாங்களா? செக் பண்ணுங்க!”

பிரவீன் செக் பண்ணியது. “இல்ல மேடம். அவங்க உட்காரலை. வைக்கப்பட்டிருக்காங்க. ரெண்டும் வேற வேற பிராப்பர்ட்டி.”

மேடம் நிம்மதியாக மூச்சுவிட்டார். “அப்படின்னா சரி. பேச்சி, நீங்க வைக்கப்பட்டே இருங்க.”

“சரிங்க மேடம்,” என்றாள் பேச்சி, நன்றாகச் சாய்ந்துகொண்டு.

அதற்குப் பிறகு எங்களில் பலருக்கும் அசெம்பிளி ஆகும் ஆசை வந்தது. வேல்ராஜ் என்ற பையன், பேச்சி ஊர்ப்பக்கத்தான், ஸ்கேன் படத்தோடு வந்துவிட்டான்.

“அண்ணாச்சி, எனக்கும் உள்ள ஒண்ணு இருக்கு. கிட்னியில கல்லு. நல்லா பாருங்க, வெள்ளையா தெரியுது.”

தணிகாசலம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரூலைப் பார்த்தார்.

“கல்லு பார்ட்டு இல்லப்பா. அன்னியப் பொருளு. அது உள்ள பூந்துச்சின்னா ரிஜெக்‌ஷன். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வெண்டருக்கே திருப்பி அனுப்பணும். ஒட்டட்டுமா?”

“வேண்டாம் அண்ணாச்சி. கல்லு கரைஞ்சிருச்சின்னு போட்டுக்கிடுங்க.”

பேச்சியின் கால் வீக்கம் மெல்ல வடிந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. நான் ஸ்டோரைப் பெருக்கப் போகும்போதெல்லாம், “அண்ணாச்சி, பிள்ளை உதைக்கான், பாத்தியளா?” என்பாள். தணிகாசலம் உடனே, “குலுக்கக் கூடாதுன்னு கீது, சொல்லி வெய்யி அவன்கிட்ட,” என்பார். பிள்ளை பிறக்கும் வரைக்கும் இப்படியே போய்விட்டால் போதும் என்பதுதான் அவள் நினைப்பு. ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு வரலாம். அதுவரை கால் தாங்க வேண்டும். அகராதி என்ற ஒன்று இல்லாவிட்டால் அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்து, சர்வர் பெட்டியைத் துடைக்கும்போது இரண்டு தடவை கும்பிடவும் செய்தேன்.

அப்போதுதான் கடல் தாண்டி ஆடிட் வந்தது.

எங்களிடம் ஒயர் வாங்கும் வெளிநாட்டு கம்பெனிக்காரர் ஒருவர், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். நல்ல உயரம். தக்காளி நிறம். எம்.டி.யும் சுபஸ்ரீ மேடமும் பிரவீனும் அவரைச் சுற்றி மாப்பிள்ளை ஊர்வலம் போல் வந்தார்கள். ஸ்டிக்கர்களைப் பார்த்து மகிழ்ந்தார். மரத்தன்மை இல்லாத மரச்சாமானைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு ஏசி ஸ்டோரைத் திறந்தார்கள். பேலட் மேல், பார்கோடு ஒட்டிய பேச்சி.

அவர் ஏதோ கேட்டார். மேடம் தமிழில் சொன்னார்: “இது என்னன்னு கேட்கிறார்.”

“அசெம்பிளி சார்,” என்றார் தணிகாசலம் விறைப்பாக.

“டெலிவரி எப்போன்னு கேட்கிறார்.”

“ஆடி பொறந்ததும் ஆயிடும் சார்.”

பேச்சிக்கு மரியாதை தெரியும். கையெடுத்துக் கும்பிட்டு, “வணக்கம் சார்” என்றாள். ஆடிட்டர் துள்ளிப் பின்னால் நகர்ந்ததில் ஒரு ரேக்கில் இடித்துக்கொண்டார். தக்காளி நிறம் பீட்ரூட் நிறம் ஆனது. வெகுநேரம் பேசினார். மேடம் அதை முழுக்கச் சொல்லவில்லை. “உங்க அகராதில மனிதர்னு ஒரு வகுப்பு இருக்கா, இல்லையான்னு கேட்கிறார்” என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் பிரவீனைப் பார்த்தார்கள். பிரவீன் லேப்டாப்பைப் பார்த்தது. மேலிருந்து கீழே தேடியது. கீழிருந்து மேலே தேடியது. அதிகாரி இருந்தது. ஊழியர் இருந்தது. விருந்தினர், வெண்டர், சரக்கு, தீயணைப்பு வாளி எல்லாம் இருந்தன.

“மனிதர் இல்ல மேடம்,” என்றது தம்பி மெதுவாக. “யாருமே கேட்கலை.”

ஆடிட்டர் மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் இது சரிசெய்யப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போனார். அங்கே சாப்பிட்டதால் இயந்திரம் அவரையும் நிரந்தர ஊழியராக்கியது. அது பிறகு தெரியவந்தது. மேனேஜ்மென்ட் நெருப்பு மேல் நிற்பது போல் நின்றது. பிரவீன் அடித்தது. எம்.டி. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ‘மனிதர்’ என்று புதிதாக ஒரு வகுப்பு உண்டானது. காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் சரக்கிலிருந்து எடுக்கப்பட்டு அதற்குள் போடப்பட்டோம்.

உடனே எங்களை எல்லாம் டிரெய்னிங் ஹாலில் கூட்டினார்கள். பேச்சியும் வந்தாள். சாப்பிட்டு முடித்த ஆடிட்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுபஸ்ரீ மேடம் குரல் தழுதழுக்க அறிவித்தார்.

“இன்னிக்கு நம்ம கம்பெனி வரலாற்றில் ஒரு பொன்னாள். இந்த நிமிஷத்திலிருந்து நீங்க யாரும் சரக்கு இல்லை. நீங்க எல்லாரும் மனிதர்கள்!”

கைதட்டினோம். ஆடிட்டரும் கைதட்டினார். எனக்குக்கூட நெஞ்சு விம்மியது. இந்த வயதில் இப்படி ஒரு பதவி உயர்வு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆடிட்டர் எல்லாரோடும் கை குலுக்கி, ஆர்டரை உறுதி செய்து, காரேறிப் போனார்.

கார் கேட்டைத் தாண்டியதும் பேச்சி கேட்டாள்.

“மேடம், மனுசியாயிட்டேன். சந்தோசம். இப்ப எனக்கு ஸ்டூலு உண்டுமா?”

மேடம் பிரவீனைப் பார்த்தார்.

“மனிதர் வகுப்பை இப்பத்தான் மேடம் கிரியேட் பண்ணேன். பேர் மட்டும்தான் இருக்கு. பண்புகள் எதுவும் இன்னும் எழுதலை.”

“எதுவுமேயா?”

“உட்காரும், சாப்பிடும், வலிக்கும், எதுவும் இல்ல. அதெல்லாம் அடுத்த கட்டம். மேலிடம் ஓகே சொன்னா வர்ற வருஷம் பண்ணலாம்.”

“அப்படின்னா நா சரக்காவே இருந்துக்கிடுதேன் மேடம்,” என்றாள் பேச்சி. “பிள்ளை பொறக்கிற வரைக்கும் போதும். அப்புறமா மனுசியாயிக்கிடுதேன்.”

மேடத்துக்குக் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. பேச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அப்படி மட்டும் சொல்லாதீங்க பேச்சி. மனிதரா இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? உங்களை நீங்களே தாழ்த்திக்கக் கூடாது.”

பேச்சி ஸ்டோருக்கு நடந்தாள். தண்ணீர் பாட்டிலும் துண்டும் அங்கே இருந்தன. எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் பேலட்டில் சாயப் போனாள். தணிகாசலம் பதறி நடுவில் வந்து நின்றார். ரொம்பவும் சங்கடப்பட்டார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

“யம்மா, மனுஷங்கள பேலட்டு மேல வெக்கக் கூடாது. ரூல் கீது.”

“செத்த நேரம் அண்ணாச்சி.”

“நீ சரக்காட்டம் இருந்தப்போ நான் யாராண்டனாலும் சண்ட போட்டேன். இப்போ நான் இன்னாத்த சொல்லி சண்ட போடறது?”

சூபர்வைசர் வாசலில் வந்து நின்றிருந்தார். இந்தத் தடவை யாரும் அவரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. பேச்சி லைனுக்குப் போய்த் தன் இடத்தில் நின்றாள். ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் நண்டு மாட்டினாள். அவள் இருந்த பேலட்டில் அன்று சாயங்காலமே புதிதாக வந்த ஒயர்க் கட்டுகளை வைத்தார்கள். ஃபோம் மட்டும் கசங்கி இருந்தது என்று வேறு மாற்றிப் போடச் சொன்னார்கள். மாற்றினேன்.

இப்போதெல்லாம் எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள். ஸ்டிக்கர்களை வியந்து, இங்கே எல்லாம் எப்படி ஒழுங்காக நடக்கிறது என்று கேட்கிறார்கள். நான் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பெருமையோடு சொல்வேன்: எங்கள் கம்பெனியில் ஒரு சரக்கைக்கூட நிற்க வைக்க மாட்டார்கள் ஐயா. நிற்பது மனிதர்கள் மட்டும்தான்.